அட்டை இல்லாத நான்கு இதழ்கள்: சென்னையில் ரகசியப் பத்திரிகை என்று ஒன்று இருந்ததா?

டிரங்குப்பெட்டி:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் திருவல்லிக்கேணியில் எங்கள் பெரியப்பா குடியிருந்த வீட்டைக் காலி செய்தோம். பெரியப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது, பெரியம்மா மகளோடு போய்விட்டார்கள், வீட்டுக்காரர் இடிக்கப் போகிறார். பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி. பழைய வேட்டி, எல்ஐசி ரசீதுகள், அதற்கடியில் துணியில் சுற்றி நான்கு இதழ்கள், நான்கும் ஒரே பத்திரிகை. நான்கிலுமே அட்டை இல்லை. தானாகக் கிழிந்த மாதிரி இல்லை, யாரோ ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்றும் அதன்கீழ் 'சென்னை-5' என்றும் மட்டும் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் எங்கும் காணோம். உள்ளே கவிதைகள், ஒரு சாமியாரைக் கிண்டல் செய்யும் கட்டுரை, சாராயக்கடை திறந்ததைப் பற்றி நக்கலாக ஒரு பக்கம்.

பெரியப்பா அரசாங்க குமாஸ்தா. நெற்றியில் திருமண் இல்லாமல் அவர் வாசல்படி தாண்டி நான் பார்த்ததில்லை. அவர் பெட்டியில் இது எப்படி வந்தது? போலீசுக்குத் தெரியாமல் அடித்த பத்திரிகையா இது?

வல்லினம்70:
போட்டோ போடுங்கள் முதலில்! 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்றாலே ரகசியம் என்று அர்த்தம் இல்லை, பயந்துவிடாதீர்கள். அது சிற்றிதழ்க்காரர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி. 1867-ம் வருஷத்து அச்சகச் சட்டப்படி பத்திரிகை நடத்துகிறவர் மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு இதழிலும் யார் அச்சிட்டது, எங்கே அச்சிட்டது என்று போட வேண்டும். முந்நூறு பிரதி அடிக்கிற ஆள் எழும்பூர் கோர்ட்டுக்கு எத்தனை நடை நடப்பான்? 'நண்பர்களுக்குள் சுற்றுகிறோம், இது பத்திரிகையே இல்லை' என்று காட்டிக்கொள்ளத்தான் அந்த வரி. அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2024-ல்தான்.

ஈயஎழுத்து:
வல்லினம் தம்பி சொன்னது பாதி சரி. 'தனிச்சுற்று' என்று போட்டாலும் அச்சகத்தின் பெயரைப் போடத்தான் வேண்டும், சட்டம் புத்தகத்துக்கும் உண்டு. பெயர் போடாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அச்சகக்காரர் பயந்திருக்கிறார், இல்லையென்றால் முதலாளிக்குத் தெரியாமல் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரே ராத்திரி அடித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். நான் பதினாறு வயதில் ராயப்பேட்டையில் ஒரு பிரஸ்ஸில் ஈய எழுத்துகளைப் போட்டு வைக்கிற கேஸ் முன்னால் நின்றவன்.

டிரங்குப்பெட்டி அவர்களே, அட்டை இல்லாவிட்டாலும் வருஷம் கண்டுபிடிக்கலாம். மூன்று விஷயம் பாருங்கள். 'லை', 'னை', 'ணை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய எழுத்தா, இப்போது எழுதுகிற மாதிரி முன்னால் கொம்பு போட்டதா? எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-ல் வந்தது. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, சின்ன பிரஸ்ஸில் புது எழுத்து வாங்கக் காசு இருக்காது, தேயும்வரை பழசையே ஓட்டுவார்கள். இரண்டாவது, 'சென்னை-5' என்று மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது, அதற்குப் பிறகு 600005 ஆகிவிட்டது. பழக்கத்தில் பிற்பாடும் வெறும் 5 போட்டவர்கள் உண்டு, சரி. மூன்றாவது அந்தச் சாராயக்கடைப் பக்கம். மதுவிலக்கை 1971-ல் எடுத்தார்கள், 1974-க்குள் மறுபடி மூடினார்கள். 'திறந்தது' புதுச் செய்தியாக இருந்தால் 71 கடைசி, 72 ஆரம்பம்.

டிரங்குப்பெட்டி:
ஐயா, தும்பிக்கைதான்! றா, னா எல்லாம்கூடச் சுழித்துக்கொண்டு இருக்கிறது.

வல்லினம்70:
71 என்றால் அது பொற்காலம். 1970 அக்டோபரில்தான் 'கசடதபற' வந்தது. ஆசிரியர் நா. கிருஷ்ணமூர்த்தி, கூட ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி, க்ரியா ராமகிருஷ்ணன், மகாகணபதி. 'வல்லின மாத ஏடு' என்று போட்டுக்கொண்டார்கள். தமிழில் பத்திரிகைக்குப் பெயர் என்றால் ஒரு தென்றல், ஒரு மலர், ஒரு முரசு என்று இருந்த நேரத்தில் வெறும் ஆறு மெய்யெழுத்து வரிசையைப் பெயராக வைத்தால் ஊர் என்ன நினைத்திருக்கும்? ஓவியக் கல்லூரியிலிருந்தும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலிருந்தும் வந்த ஆட்களின் கோட்டோவியம் உள்ளே. அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவைதான் 1974-ல் க்ரியா பதிப்பகம், 1977-ல் கூத்துப்பட்டறை நாடகக் குழு.

மேடையில் அடுக்குமொழி, வீட்டில் பஞ்சாங்கம், தியேட்டரில் அம்மா சென்டிமென்ட். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் கிண்டல் செய்ய 1970 சென்னையில் தைரியம் வேண்டும். நம் ஊரின் எதிர்க் கலாச்சாரப் பத்திரிகை என்றால் அதுதான், அதற்கு முன்னால் 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'. அதுவும் திருவல்லிக்கேணிதான், பிள்ளையார் கோயில் தெரு. 119 இதழ். மனிதர் தோளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார்.

மிளகாய்ப்பொடி:
ஆரம்பித்துவிட்டார்கள். நாலு பேர் கூடி நாலு பேருக்காக எழுதி நாலு பேர் படித்ததெல்லாம் எதிர்க் கலாச்சாரமா? ஊர் நடுங்கிய பத்திரிகை என்றால் 'சினிமா தூது', 'இந்து நேசன்'. நடத்தியவன் சி.என். லட்சுமிகாந்தன். சினிமாக்காரர்கள் கவர்னரிடம் மனு கொடுத்து உரிமத்தைப் பிடுங்கியும் அசராமல் வேறு பெயரில் வந்தான். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்து, மறுநாள் பெரியாஸ்பத்திரியில் முடிந்தது. அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் பாகவதரும் என்.எஸ்.கே-வும் ஜெயிலுக்குப் போய் 1947-ல்தான் வெளியே வந்தார்கள். உங்கள் புதுக்கவிதைக்காக யாராவது ஒரு கொசுவையாவது அடித்தார்களா?

கடற்கரைச்சாலை:
மிளகாய்ப்பொடி, கொலை நடந்ததால் ஒரு பத்திரிகை எதிர்க் கலாச்சாரம் ஆகிவிடாது. மஞ்சள் பத்திரிகை ஊர் ஒழுக்கத்தை எதிர்க்கவில்லை, அந்த ஒழுக்கத்தை வைத்துத்தான் பிழைத்தது. 'நடிகை வீட்டுக்கு யார் போனார்' என்பது செய்தி ஆவதே, போவது பாவம் என்று வாசகன் நம்புவதால்தானே. அந்த நம்பிக்கை போய்விட்டால் மிரட்டிக் காசு வாங்க முடியாது. அது இந்த ஊரின் கலாச்சாரமேதான், பின்வாசல் வழியாக வந்தது.

வல்லினம், உங்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. ஏன் எல்லோரும் 1959-ல் ஆரம்பிக்கிறீர்கள்? 1882-ஐப் பாருங்கள். ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' தொடங்கிய வருஷம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும். அதே வருஷம் இதே சென்னையில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவவிவேசினி' தொடங்கினார்கள். நாத்திகப் பத்திரிகை. கூடவே ஆங்கிலத்தில் 'தி திங்கர்'. லண்டனில் நாத்திகர் சார்லஸ் பிராட்லா நடத்திய சங்கத்தோடு தொடர்பு. சாதி, ஜோசியம், குழந்தைக் கல்யாணம், விதவைக் கொடுமை, பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்துவது வரைக்கும் பேசினார்கள். 1882-ல்! பெரியாருக்கு அப்போது மூன்று வயது.

1888-ல் நின்றுபோனது. பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக அப்படி ஒன்று இருந்ததே வெளியே தெரியாது. பேராசிரியர் வீ. அரசு தேடித் தொகுத்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கண்ணில் பட்டது. ஒரு வேடிக்கை சொல்கிறேன். பிராட்லாவோடு தோளோடு தோள் நின்று, கருத்தடைப் புத்தகம் வெளியிட்டதற்காக 1877-ல் கோர்ட்டில் நின்ற அன்னி பெசன்ட், சென்னைப் பத்திரிகை நின்றதற்கு அடுத்த வருஷம் ஆன்மிகம் பேசும் தியசாபிக்கல் சொசைட்டியில் (பிரம்மஞான சபை) சேர்ந்தார். பிற்பாடு அடையாறுக்கே வந்தார், ஆனால் வேறு ஆளாக. இலௌகிக சங்கத்து ஆட்கள் யாராவது அப்போது உயிரோடு இருந்து அவர் கூட்டத்துக்குப் போயிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.

ராயப்பேட்டைக்காரன்:
அக்கா, நல்ல இடத்தில் ஆரம்பித்தீர்கள், ஒரு படி மேலே போகிறேன். 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் இதே ஊரில் 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். ஆறு மெய்யெழுத்து வைத்ததைத் தைரியம் என்கிறார் வல்லினம். எந்தச் சொல்லை வைத்து ஊர் உன்னைக் கேவலப்படுத்துகிறதோ அதே சொல்லை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அடித்து, அதைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வது எப்பேர்ப்பட்ட தைரியம்?

அப்புறம் எங்கள் பேட்டைக்கு வாருங்கள். 1907 ஜூன் 19, புதன்கிழமை, ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். நாலு பக்கம். விலைதான் பெயர், பெயர்தான் விலை. ஒரு அணாவுக்கு நாலு பைசா என்ற கணக்கில் கூலிக்காரனும் வாங்க முடிகிற காசு. ஒரு வருஷம் கழித்து வெறும் 'தமிழன்' ஆனது, 1914-ல் அவர் சாகும்வரை வாராவாரம். அதே நேரத்தில் பாரதி 'இந்தியா'வைச் சிவப்புத் தாளில் அடித்துக் கார்ட்டூன் போட்டு வெள்ளைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார், 1908-ல் புதுச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று. பண்டிதர் அந்தச் சுதேசியத்தையே திருப்பிக் கேள்வி கேட்டார், எந்தச் சாதிக்குச் சுயராஜ்ஜியம் என்று. அதனால் அவரைத் தேசியக்காரர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை, பண்டித உலகமும் சேர்த்துக்கொள்ளவில்லை.

போலீஸ் வந்து பறிமுதல் செய்தால்தான் தலைமறைவா? படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அப்படி ஒரு பத்திரிகை வரவே இல்லை என்பதுபோல் எண்பது வருஷம் இருந்துவிட்டால் அதற்கு என்ன பெயர்? அவர் எழுத்தை ஞான அலாய்சியஸ் தொகுத்துப் பெரிய தொகுதிகளாகக் கொண்டுவந்தது 1999-ல். அதுவரை அந்தத் தாள்களைக் காப்பாற்றியது பல்கலைக்கழகம் இல்லை, அவருடைய பௌத்தச் சங்கத்துக் குடும்பங்கள், கோலார் தங்கவயல் தொழிலாளிகள் வீட்டுப் பெட்டிகள். டிரங்குப்பெட்டி என்ற உங்கள் பெயரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வல்லினம்70:
ஒத்துக்கொள்கிறேன். உண்மையிலேயே ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் சிற்றிதழ் வரலாறு என்று சொல்வது மணிக்கொடி, எழுத்து, நடை, கசடதபற என்று ஒரே ரயில் பாதையில் போய்விடுகிறது, மற்ற ஸ்டேஷன்களில் நிற்பதே இல்லை.

ஆனாலும் ஒன்று. 1971-ல் ஒரு எல்டிசி குமாஸ்தா, ஒரு வங்கி ஊழியர், ஒரு தபால்காரர் தன் சம்பளத்திலிருந்து இருபது ரூபாய் எடுத்து இதழ் கொண்டுவந்தாரே, அதையும் சின்ன விஷயமாகத் தள்ளாதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிப்படி அனுமதி இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது. அதனால் மனைவி பெயரில், மச்சான் பெயரில், புனைபெயரில் நடத்தினார்கள். டிரங்குப்பெட்டி, உங்கள் பெரியப்பா குமாஸ்தா என்றீர்களே, எனக்கு அங்கேதான் மூளை ஓடுகிறது.

ஈயஎழுத்து:
இருபது ரூபாய்க்கு என்ன வரும் என்று சொல்கிறேன், எல்லோரும் கொள்கையே பேசுகிறீர்கள்.

சின்ன பிரஸ்ஸில் எழுத்தே குறைவு. எட்டுப் பக்கம் கோப்பதற்குள் 'க' தீர்ந்துவிடும், 'ம்' தீர்ந்துவிடும். அதனால் எட்டுப் பக்கத்தை ஒரு ஃபாரமாக முடுக்கி, ட்ரெடில் அச்சு மிஷினில் அடித்து, எழுத்தையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பிரித்து மறுபடி அந்தந்த அறையில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம் கோக்க முடியும். அந்தப் பிரித்துப் போடுகிற வேலைக்குத்தான் எங்களைப் போன்ற பொடியன்கள். கை விரல் நுனி எப்போதும் கறுப்பு, சோற்றைப் பிசைந்தால் ஈய வாசனை வரும். நடுவில் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வந்துவிட்டால் சிற்றிதழ் ஓரமாகப் போய்விடும். முகூர்த்த மாதத்தில் ஒரு புரட்சியும் நடக்காது சென்னையில்.

புதுக்கவிதை என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். வரிக்கு மூன்று வார்த்தை, மீதி இடத்துக்குக் கட்டை வைத்து நிரப்பிவிடலாம், ஆனால் காசு பக்கக் கணக்கு. எங்கள் ஃபோர்மேன் அதனாலேயே புதுக்கவிதையின் பெரிய ரசிகர். கட்டுரை கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் முகம் சுருங்கும்.

எழுதுகிறவர்கள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருவார்கள், டிபன் கேரியரோடு. ஸ்டூலில் உட்கார்ந்து புரூஃப் பார்ப்பார்கள். ஒருத்தர் ஒரு காற்புள்ளிக்காக அரை மணி நேரம் நின்றார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு விஷயம் மட்டும் இப்போது நினைத்தாலும் ஆச்சரியம், கோக்கும்போது எழுத்து தலைகீழாக, வலது இடதாக இருக்கும், அதை அப்படியே படிக்கக் கற்றுக்கொண்ட முதல் கவிதை சாமியைத் திட்டிய கவிதை. வீட்டில் சொல்லவில்லை.

மிளகாய்ப்பொடி:
சரி ஐயா, உங்கள் பதிவுக்காகக் கொசு விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன்.

என் கதையும் சொல்லிவிடுகிறேன். 1987-ல் நாங்கள் ஐந்து பேர் கல்லூரி விடுதியில் சைக்ளோஸ்டைல் இதழ் ஒன்று கொண்டுவந்தோம். கெஸ்டெட்னர் மிஷின், தெரிந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும். தமிழ் டைப்பிங் யாருக்கும் தெரியாது, ஸ்டென்சில் தாளில் ஊசி மாதிரிப் பேனாவால் கையெழுத்துதான். அழுத்தி எழுதினால் சுழி கிழிந்து வட்டமாக மையாக விழும், அழுத்தாவிட்டால் எழுத்தே விழாது. எங்கள் இதழில் ஒரு 'ழ' கூட முழுசாக வந்ததில்லை, எல்லாம் ஓட்டைதான். மெஸ் சாப்பாட்டையும் முதல்வர் அறைச் சுவரில் இருந்த சாமி படங்களையும் பற்றி எழுதினோம். எட்டு நாள் சஸ்பெண்ட், அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பா முழுசாகப் படித்துவிட்டு, 'எழுத்துப்பிழை நிறைய இருக்குடா' என்றார். மிச்சம் இருந்த பிரதிகளை அம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள். ஒன்றுகூட இல்லை இப்போது.

ராயப்பேட்டைக்காரன்:
பழைய பேப்பர்காரர் சென்சார் அதிகாரியைவிடப் பெரிய ஆள். பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையிலும் மூர் மார்க்கெட்டிலும் தப்பித்து வந்தது எவ்வளவோ. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபோது என்னென்ன போனதோ, யாரும் கணக்கு எடுக்கவில்லை.

கடற்கரைச்சாலை:
சென்சார் அதிகாரி என்றதும் ஒன்று. நெருக்கடி நிலை 1975 ஜூனில் வந்தாலும் சென்னையில் அதன் கடுமை முழுசாக இறங்கியது 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சியைக் கலைத்த பிறகுதான். பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். யார் யாரைக் கைது செய்தார்கள் என்று பத்திரிகையில் போட முடியாது. 'முரசொலி' என்ன செய்தது தெரியுமா, அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்டவாரியாகப் பெயர்ப் பட்டியல் போட்டது. படித்தவனுக்குப் புரிந்துவிட்டது. அது பெரிய கட்சியின் பத்திரிகை, ரகசியப் பத்திரிகை இல்லை. ஆனாலும் அந்த ஒரு நாள் அது வேலை செய்த விதம் ரகசியப் பத்திரிகையின் விதம்தான்.

அந்த மாதங்களில் சின்னச் சின்ன வீடுகளில்கூட ஆட்கள் பயந்து காகிதத்தை எரித்தார்கள் என்று என் அத்தை சொல்வார். அரசு ஊழியர் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். டிரங்குப்பெட்டி, உங்கள் பெரியம்மாவிடம் கேட்டுப் பார்த்தீர்களா?

டிரங்குப்பெட்டி:
இரண்டு நாள் வரவில்லை, மன்னியுங்கள்.

முதலில் ஒன்று. வல்லினம் சொன்ன பிறகு இதழ்களை வெயிலில் நன்றாகப் பார்த்தேன். மூன்றாவது இதழ் முழுக்க ஓரத்தில் பென்சில் குறிகள். எழுத்தை வெட்டிவிட்டுப் பக்கத்தில் கோடு இழுத்துச் சரியான எழுத்து. அதாவது அது விற்ற பிரதி இல்லை, பிழை திருத்த எடுத்த புரூஃப். அந்த 'ழ'வின் வாலைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்ஐசி ரசீதுகளின் பின்னால் பால் கணக்கு எழுதியிருக்கும் அதே 'ழ', கீழே வந்து பெரிய தூண்டில் மாதிரி வளையும். எனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்த கை.

பெரியம்மாவுக்கு போன் செய்தேன். எண்பத்து நாலு வயது, காது கொஞ்சம் மந்தம். 'அட்டை இல்லாத புஸ்தகம்' என்று கத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான்தான் கிழிச்சேன்" என்றார்கள். "எமர்ஜென்சில பக்கத்து ஆத்துப் பிள்ளையைக் கூட்டிண்டு போனா. அட்டையிலதான் எல்லார் பேரும் அட்ரஸும் இருக்கும். ஸ்கேல் வெச்சுக் கிழிச்சு வெந்நீர் அடுப்புல போட்டேன். உள்ள இருக்கறதையும் போடப் போனேன், அவர் வாசல்ல நின்னுண்டு பார்த்துண்டே இருந்தார், ஒண்ணும் சொல்லலை. நாலை மட்டும் விட்டுட்டேன்."

மற்றது எத்தனை இருந்தது என்று கேட்டேன். ஒரு வாரம் வெந்நீர் போட்டார்களாம்.

ஈயஎழுத்து:
அம்மா, அந்த நாலை பத்திரமாக வையுங்கள். ஸ்டேப்ளர் பின் துரு ஏறியிருந்தால் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு வெள்ளை நூலால் கட்டுங்கள். லாமினேஷன் செய்துவிடாதீர்கள், கெட்டது குடி. தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டால் படம் எடுத்து வைப்பார்கள்.

பத்திரிகையின் பெயர் என்ன என்று பெரியம்மா சொன்னார்களா?

டிரங்குப்பெட்டி:
ஞாபகம் இல்லையாம் ஐயா. "பேர் என்னவோ, ஒரே ஒரு எழுத்துதான் பெரிசா போட்டிருக்கும், மஞ்ச அட்டை, நன்னா எரிஞ்சுது" என்றார்கள்.